வெப்பமண்டல வானிலை அளவீடுகளை முன்கணிப்பு மாதிரியில் சேர்ப்பது எப்படி? சென்னையிலிருந்து ஒரு தொடக்க வழிகாட்டி

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., மீனம்பாக்கத்தில் 35 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. நுங்கம்பாக்கத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறக்குறைய 20 கி.மீ. தொலைவுதான். வானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வானிலையைக் கணக்கிடும் கணினி நிரலைத்தான் மாதிரி என்கிறோம். இலவசமாகக் கிடைக்கும் உலகளாவிய மாதிரித் தரவில் ஒரு கட்டத்தின் பக்கம் கால் பாகை, அதாவது சுமார் 27 கி.மீ. இந்த மூன்று ஊர்களும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடலாம். அப்போது மாதிரி மூன்றுக்கும் சேர்த்து ஒரே எண்ணைத்தான் தரும். அந்த ஒற்றை எண்ணை ஊர் வாரியாகப் பிரித்துக் காட்ட நுண்ணிய மாதிரி வேண்டும். அந்த நுண்ணிய மாதிரிக்கு இந்த வட்டாரத்தின் வானம் இந்த நொடியில் எப்படி இருக்கிறது என்று எடுத்துச் சொல்ல அளவீடுகள் வேண்டும். அளவீட்டை மாதிரிக்குள் முறையாகக் கலக்கும் வேலையைத் துறையில் இருப்பவர்கள் டேட்டா அசிமிலேஷன் என்கிறார்கள். இந்தக் கட்டுரை அதைச் சென்னையில் இருந்துகொண்டு, ஒரு நல்ல மேசைக் கணினியும் பொறுமையும் மட்டும் வைத்துக்கொண்டு, முதல் முறையாகச் செய்து பார்க்க விரும்புவோருக்கானது. இயற்பியல் அல்லது பொறியியல் பட்டப்படிப்பு அளவுக்கு அறிவும், லினக்ஸ் கட்டளைகளில் ஓரளவு பழக்கமும் இருந்தால் போதும்.

தொடங்கும்போதே ஒரு நிகழ்வைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். "சென்னை மழையை முன்கணிக்கப் போகிறேன்" என்று தொடங்கியவர்கள் பெரும்பாலும் தரவைத் திரட்டுவதிலேயே ஓராண்டைக் கழித்துவிடுகிறார்கள். மேலே சொன்ன 2015 டிசம்பர் 1 மழையையே எடுத்துக்கொள்ளலாம். அது நடந்த விதம் நன்கு பதிவாகியிருக்கிறது, அமெரிக்காவின் உலகளாவிய மாதிரியான ஜி.எஃப்.எஸ்.ஸின் கால் பாகைத் தரவும் 2015 தொடக்கத்திலிருந்தே ஆவணக் களஞ்சியத்தில் கிடைக்கிறது.

இங்கே கணக்கு ஏன் வேறு

அசிமிலேஷன் பற்றிய பாடநூல்களில் பெரும்பாலானவை 45 பாகை அட்சரேகைப் பகுதியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே அழுத்தமும் காற்றும் கணவன் மனைவி போல. ஒருவரைத் தெரிந்தால் மற்றவரைப் பற்றிச் சொல்லிவிடலாம். பூமியின் சுழற்சியால் உண்டாகும் கோரியாலிஸ் விளைவு அங்கே வலுவாக இருப்பதே காரணம். சென்னை இருப்பது 13 பாகையில். இங்கே அந்த விளைவு 45 பாகையில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே வங்கக்கடலில் ஓர் இடத்தின் அழுத்தத்தையோ வெப்பநிலையையோ துல்லியமாக அளந்து மாதிரிக்குக் கொடுத்தாலும், அங்கே காற்று எப்படி வீசுகிறது என்பதை மாதிரி அதிலிருந்து ஊகித்துக்கொள்ளாது. காற்றை நேரடியாக அளந்துதான் கொடுக்க வேண்டும்.

வெப்பநிலையும் இங்கே அவ்வளவாகப் பேசாது. 5 கி.மீ. உயரத்தில் சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே பெரும்பாலான நாட்களில் சொற்பமான வேறுபாடே இருக்கும். மாறிக்கொண்டே இருப்பது ஈரப்பதம். கார்த்திகை மாதத்தில் ஒரே வாரத்தின் இரண்டு காலைகளில் தரையில் வியர்வை ஒரே மாதிரி வழியலாம். ஆனால் ஒரு காலையில் 3 கி.மீ.க்கு மேல் காற்று வறண்டிருக்கும், மறு காலையில் 8 கி.மீ. வரை ஈரமாக இருக்கும். முதல் நாள் மேகம் எழும்பி வாடிவிடும். இரண்டாம் நாள் தெருவில் தண்ணீர் நிற்கும். காற்றும் ஈரப்பதமும் முதலிடம், அழுத்தமும் வெப்பநிலையும் அடுத்த இடம் என்பதை வேலை முழுவதும் நினைவில் வைத்திருங்கள். எந்த அளவீட்டுக்கு எவ்வளவு நேரம் செலவிடலாம் என்ற முடிவெல்லாம் இதிலிருந்தே வரும்.

மூன்றாவதாக ஒரு கண்ணாமூச்சி உண்டு. வெப்பமண்டலத்தில் தரை அழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும்: காலை 10 மணி, இரவு 10 மணி வாக்கில் உச்சம், அதிகாலை 4 மணி, மாலை 4 மணி வாக்கில் தாழ்வு. இந்த ஏற்ற இறக்கம் சென்னையில் 3 முதல் 4 ஹெக்டோபாஸ்கல் வரை இருக்கும். ஒரு சாதாரணக் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி நெருங்கும்போது குறையும் அழுத்தமும் ஏறக்குறைய இதே அளவுதான். காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்து "அழுத்தம் சரிகிறது" என்று பதறும் புதியவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். வானிலைத் துறையினர் இன்றைய 8.30 மணி அழுத்தத்தை நேற்றைய 8.30 மணி அழுத்தத்தோடு ஒப்பிடுவது இதனால்தான்.

அளவீடுகளைத் திரட்டுதல்

முதலில் பலூன். மீனம்பாக்கத்திலிருந்து ரேடியோசோண்ட் எனும் அளவீட்டுக் கருவியைச் சுமந்து செல்லும் பலூன், அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம், காற்று ஆகியவற்றை அடுக்கடுக்காகத் தருகிறது. மீனம்பாக்கம் நிலையத்தின் உலக எண் 43279. காரைக்காலின் எண் 43346, போர்ட் பிளேருக்கு 43333, திருவனந்தபுரத்துக்கு 43371. இந்த எண்களைத் தெரிந்துவைத்திருந்தால் அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத் தளத்திலிருந்து எந்த நாளுக்குரிய பதிவையும் எடுத்துவிடலாம். வெப்பமண்டலத்தில் தொடங்குவோருக்கு இதைவிட நல்ல முதல் தரவு கிடையாது. காற்றையும் ஈரப்பதத்தையும் ஒரே ஏற்றத்தில் உயரம் வாரியாகத் தருவது இது ஒன்றுதான்.

தரை நிலையங்கள் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அனுப்பும் சினாப் அறிக்கைகள், விமான நிலையங்களின் மெட்டார் அறிக்கைகள், கடலில் சென்னைத் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் நங்கூரமிட்டுள்ள மிதவைகள், கப்பல்கள் ஆகிய இவை அனைத்தும் உலக வானிலைத் தகவல் தொடர்பின் வழியாக அமெரிக்க மையத்துக்குப் போய், பிரெப்பஃபர் எனும் கோப்பாக ஒன்றுசேர்ந்து வருகின்றன. தொடக்கத்தில் இந்த ஒரு கோப்பே போதும்.

செயற்கைக்கோள் தரவுகளில் எது எதைப் பார்க்கும் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். இன்சாட்-3டி வரிசைக் கோள்கள் அரை மணிக்கு ஒருமுறை படம் எடுக்கின்றன. மேகங்கள் நகர்வதைத் தொடர்ந்து காற்றின் வேகத்தைக் கணித்துத் தருவது அவற்றின் பெரிய பயன். ஆனால் அவற்றின் அகச்சிவப்புக் கண்ணுக்கு மேகத்தின் கூரைக்குக் கீழே ஒன்றும் தெரியாது. மழை நாளில் நமக்கு வேண்டியது மேகத்தின் உள்ளே இருக்கும் ஈரம். அதைப் பார்க்க நுண்ணலைக் கருவி வேண்டும். 2011இல் இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து ஏவிய மேகா-டிராபிக்ஸ் கோளில் இருந்த சாஃபிர் கருவி இதற்கென்றே செய்யப்பட்டது. நிலநடுக்கோட்டுக்கு 20 பாகை சாய்வில் மட்டுமே அது சுற்றியதால் நம் பகுதியை ஒரே நாளில் பலமுறை கடந்தது. 2023 மார்ச்சில் அது கடலில் விழ வைக்கப்பட்டது. 2015 நிகழ்வுக்கு அதன் தரவு உதவும். கடல்மேல் வீசும் காற்றுக்கு, கோளிலிருந்து அதை அளக்கும் ஸ்கேட்டரோமீட்டர் எனும் ரேடார் கருவி உண்டு. கனமழை பெய்யும் இடத்திலும் கரையை ஒட்டிய பட்டையிலும் அதை நம்பாதீர்கள். 2019இல் ஏவப்பட்ட காஸ்மிக்-2 கோள்கள் ஆறும் வெப்பமண்டலத்துக்கு மேலேயே சுற்றி, ஜி.பி.எஸ். சமிக்ஞை வளைவதிலிருந்து ஈரப்பதத்தைத் தருகின்றன. 2019க்குப் பிந்தைய நிகழ்வுகளுக்கு அவசியம் பாருங்கள். முதல் ஓட்டத்தில் செயற்கைக்கோள் எதையும் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. அவற்றின் சார்புப் பிழையை, அதாவது எப்போதும் ஒரே பக்கம் சாயும் பிழையை, திருத்துவது தனி வேலை. அதில் மாட்டினால் அடிப்படையே பிடிபடாமல் போய்விடும்.

நேரமும் உயரமும்

மாதிரிக்குத் தெரிந்த நேரம் யு.டி.சி. எனும் உலகப் பொது நேரம் மட்டுமே. நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழிக்க வேண்டும். 00 யு.டி.சி. என்பது காலை 5.30, 12 யு.டி.சி. என்பது மாலை 5.30, மழையளவு எடுக்கும் காலை 8.30 என்பது 03 யு.டி.சி. இதைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். நான் வேலை பழகிய முதல் ஆண்டில், தானியங்கி நிலையத்தின் பகல் 2.30 மணி வெப்பநிலையை 14.30 யு.டி.சி. என்று நினைத்துக் கோப்பில் ஏற்றிவிட்டேன். மாதிரிக்கு அது இரவு 8 மணி. இரவு 8 மணிக்கு 34 டிகிரி வெயிலைப் பெற்ற மாதிரி, நள்ளிரவில் திருவள்ளூர் மேல் அட்டகாசமான இடிமழையை உருவாக்கியது. இரண்டு நாள் அந்தப் படத்தை எல்லோரிடமும் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன்.

மழையளவின் தேதியிலும் இதே வழுக்கல் உண்டு. "டிசம்பர் 2: தாம்பரம் 49 செ.மீ." என்று பட்டியலில் இருந்தால், அது டிசம்பர் 1 காலை 8.30 முதல் பெய்த மழை. மாதிரியின் டிசம்பர் 2ஆம் நாள் மழையோடு அதை ஒப்பிட்டால் மாதிரி முட்டாளாகத்தான் தெரியும்.

பலூனின் நேரத்தையும் சற்றுக் கவனியுங்கள். காலை 5.30 மணிக்குரிய பலூன் அதற்கு முன்பே பறக்கவிடப்படுகிறது. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஏறினால் 30 கி.மீ. உயரத்தை எட்ட 100 நிமிடம் பிடிக்கும். அதற்குள் அது காற்றோடு பல கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். 25 கி.மீ. கட்டத்தில் இதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. 3 கி.மீ. கட்டத்தில் பொருட்படுத்த வேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் இடத்தைத் தரும் புதிய பஃபர் வடிவப் பதிவு கிடைத்தால் பழைய வடிவத்தை விட்டுவிட்டு அதையே பயன்படுத்துங்கள்.

உயரத்தில் நேரும் பிழை சத்தமில்லாமல் கெடுக்கும். தரைக்கு அருகே எட்டரை மீட்டர் ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். ஐந்து மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் இருக்கும் கருவிக்குத் தரையின் உயரத்தைப் பதிந்துவிட்டால், சென்னை மேல் ஒரு பொய்யான தாழ்வுப் பகுதியை நீங்களே உருவாக்கிவிடுவீர்கள்.

கண்ணால் பார்த்துக் கழித்தல்

அசிமிலேஷன் மென்பொருள் செய்யும் தரக் கட்டுப்பாட்டுக்கு முன், ஒவ்வொரு நிலையத்தின் பதிவையும் வரைபடமாக வரைந்து கண்ணால் பாருங்கள். ஒருமுறை ஒரு கல்லூரி மொட்டைமாடி நிலையத்தின் பதிவில், நகரமே நனைந்துகொண்டிருந்த இரண்டு மணி நேரத்துக்குச் சுழியமும், மழை நின்றபின் ஆறு மணி நேரத்துக்குச் சீரான தூறலும் இருந்தன. மாடி ஏறிப் பார்த்தபோது மழைமானியின் புனலில் வேப்பிலைச் சருகு அடைத்துத் தண்ணீர் குளம்போல் நின்று, சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. நான்கு அடி தள்ளி ஏ.சி.யின் வெளிப்புறப் பெட்டி வெப்பமானியின் மேல் அனல் ஊதிக்கொண்டிருந்தது. இரண்டு எண்களுமே சென்னைக்குச் சாத்தியமான எண்கள்தான். எந்த மென்பொருளும் அவற்றைத் தடுத்திருக்காது. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்துப் பின்னர் இந்திய வானிலைத் துறையின் கருவிகளைத் தரப்படுத்தும் பணியில் ஆயுளைச் செலவிட்ட அன்னா மணியின் பிடிவாதம் எதற்காக என்று அன்று மாடியில் நின்றபோது எனக்கு விளங்கியது.

பலூன் பதிவில் பார்க்க வேண்டியது ஈரப்பதம். அடர்ந்த மேகத்தைக் கடந்து வெளியே வந்த உணர்வி சற்று நேரம் ஈரமாகவே இருந்து, வறண்ட அடுக்கையும் ஈரமாகக் காட்டலாம். மேகத்துக்கு மேலே நேர்க்கோடு போல 100 சதவீதம் தொடர்ந்தால் அந்தப் பகுதியை நீக்கிவிடுங்கள்.

மாதிரியை முதலில் வெறுமனே ஓட்டுங்கள்

நாம் பயன்படுத்தப் போகும் நுண்ணிய மாதிரி டபிள்யூ.ஆர்.எஃப். அதை நிறுவுவது பற்றி வழிமுறைகள் ஏராளமாக இருப்பதால் அதைத் தாண்டிச் செல்கிறேன். வெளிக் கட்டம் 9 கி.மீ., உள் கட்டம் 3 கி.மீ. என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். வெளிக் கட்டம் மேற்கே அரபிக்கடல் ஓரம் முதல் கிழக்கே அந்தமானைத் தாண்டி 95 பாகை வரை நீளட்டும். வடகிழக்குப் பருவமழையில் நமக்கு வேண்டிய எல்லாம் கிழக்கிலிருந்து வருகிறது. கிழக்கு எல்லையைச் சென்னைக்கு 300 கி.மீ. தள்ளி வைத்துக்கொண்டு கடல் அளவீட்டை உள்ளே திணிப்பதில் பயனில்லை. எல்லைக் கோடு கிழக்குத் தொடர்ச்சி மலை மீதோ இலங்கையின் நடுவிலோ போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். இயற்பியல் விருப்பங்களில் மாதிரியிலேயே "டிராபிகல்" என்ற தொகுப்பு இருக்கிறது. அதையே தேர்ந்தெடுத்து, 3 கி.மீ. கட்டத்தில் மட்டும் மேகத் திரள் கணிப்பை (கட்டத்துக்குள் அடங்கும் மேகங்களைத் தோராயமாகக் கணக்கிடும் பகுதியை) அணைத்துவிடுங்கள். கால அடி, கி.மீ. அளவை ஐந்தால் பெருக்கிய நொடிகள்: 9 கி.மீ.க்கு 45, உள்ளே 15.

நவம்பர் 30, 12 யு.டி.சி.க்குத் தொடங்கி டிசம்பர் 2, 03 யு.டி.சி. வரை அளவீடு எதுவும் சேர்க்காமல் ஓட்டுங்கள். இந்த ஓட்டத்தைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு முன்னேற்றத்தையும் இதனோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஜி.எஃப்.எஸ்.ஸின் தொடக்க நிலையில் மீனம்பாக்கத்துப் பலூன் ஏற்கெனவே கலந்திருக்கிறது. டிசம்பர் 1, 00 யு.டி.சி. தொடக்க நிலையை எடுத்து, அதில் அதே நேரத்துப் பலூனை மறுபடி சேர்த்தால், ஒரே சாட்சியை இரண்டு முறை கூண்டில் ஏற்றியது போலாகும். ஆகவே முதல் ஊகமாக எடுக்க வேண்டியது தொடக்க நிலை அல்ல. ஆறு மணி நேரம் முன்பு, நவம்பர் 30, 18 யு.டி.சி.யில் இருந்த நிலையிலிருந்து உங்கள் மாதிரி தானாக ஓடி வந்து சேர்ந்த ஆறு மணி நேர முன்கணிப்பு. அந்த முன்கணிப்புக்கு டிசம்பர் 1 காலைப் பலூனைப் பற்றி எதுவும் தெரியாது.

வித்தியாசத்தை நோட்டில் எழுதுங்கள்

அளவீட்டிலிருந்து முதல் ஊகத்தைக் கழித்தால் வருவதை இன்னவேஷன் என்கிறார்கள். அசிமிலேஷன் பொத்தானை அழுத்தும் முன் இந்த வித்தியாசங்களை மட்டும் கணக்கிட்டு, நிலையம் வாரியாக, உயரம் வாரியாக எழுதுங்கள். என்னைக் கேட்டால் மொத்த வேலையில் பாதி இதுதான். எல்லா நிலையத்திலும் மாதிரி 1 டிகிரி குளிர்ந்திருந்தால் கோளாறு மாதிரியில். ஒரே நிலையம் மட்டும் எப்போதும் 2 டிகிரி சூடாக இருந்தால் கோளாறு நிலையத்தில். கடலோர நிலையங்களில் மட்டும் பகல் 12 மணிக்குக் காற்றின் திசை நேர் எதிராக இருந்தால், நிஜத்தில் கடற்காற்று உள்ளே வந்துவிட்டது, மாதிரியில் இன்னும் வரவில்லை என்று பொருள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

மென்பொருள் தானாகவே செய்யும் ஒரு கழிப்பும் உண்டு: வித்தியாசம், அளவீட்டின் மதிப்பிட்ட பிழையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் போனால் அந்த அளவீட்டைத் தள்ளிவிடும். அமைதியான நாளில் இது நல்ல காவல்காரன். புயல் நாளில், மாதிரி புயலைத் தவறான இடத்தில் வைத்திருக்கும்போது, சரியாகச் சொல்லும் மிதவையைத்தான் இந்தக் காவல்காரன் வாசலிலேயே திருப்பி அனுப்புவான். தள்ளப்பட்டவற்றின் பட்டியலைத் தவறாமல் படியுங்கள்.

எடை போடுதல்

கணக்கின் உயிர் மிகச் சிறியது. 850 ஹெக்டோபாஸ்கல் அடுக்கில் (ஏறக்குறைய ஒன்றரை கி.மீ. உயரத்தில்) ஒரு கிலோ காற்றில் 12 கிராம் நீராவி என்கிறது மாதிரி. 14 கிராம் என்கிறது பலூன். மாதிரியின் வழக்கமான பிழை 2 கிராம், பலூனின் பிழை 1 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிழைகளை வர்க்கப்படுத்தினால் 4, 1. பலூனுக்குக் கொடுக்கும் எடை 4 வகுத்தல் 5, அதாவது 0.8. வித்தியாசமான 2 கிராமில் 0.8 பங்கு 1.6. புதிய மதிப்பு 13.6 கிராம். அசிமிலேஷன் முறை 3டி-வார் ஆனாலும் 4டி-வார் ஆனாலும் இதே கணக்கைத்தான் கோடிக்கணக்கான புள்ளிகளில் ஒருசேரச் செய்கின்றன. பிழை மதிப்பைத் தப்பாகக் கொடுத்தால் மற்றதெல்லாம் தப்பாகும் என்பதும் இதிலேயே தெரிகிறது.

இந்த 1.6 கிராம் திருத்தம் மீனம்பாக்கத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் பரவ வேண்டும்? அதை முடிவு செய்வது, முதல் ஊகத்தின் பிழைகள் எவ்வளவு பெரியவை, எவ்வளவு தூரம் ஒத்துப்போகும் என்று சொல்லும் பின்னணிப் பிழைக் கோப்பு. மென்பொருளோடு வரும் உலகப் பொதுக் கோப்பை வைத்துத் தொடங்கலாம். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரையான காலத்தில் ஏதாவது ஒரு மாதத்துக்கு, தினமும் 24 மணி நேர முன்கணிப்பையும் 12 மணி நேர முன்கணிப்பையும் ஒரே நேரத்துக்கு ஓட்டி, இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளிலிருந்து உங்கள் சொந்தக் கோப்பைத் தயாரியுங்கள். கணினி ஒரு வாரம் ஓடும், ஓடட்டும். ஜூன் மாதத்துக்குத் தயாரித்ததை நவம்பருக்குப் பயன்படுத்தாதீர்கள். காற்றின் திசையே வேறு.

தயாரான கோப்பை ஒற்றை அளவீட்டுச் சோதனையில் வைத்துப் பாருங்கள். சென்னைக்கு மேல் ஒரே ஒரு கற்பனை ஈரப்பத அளவீட்டைக் கொடுத்து, திருத்தம் எங்கெல்லாம் போகிறது என்று வரையுங்கள். திருத்தம் பெங்களூர் வரை படர்ந்தால், கடற்கரை ஈரத்தை 900 மீட்டர் உயரப் பீடபூமிக்கு அள்ளிக்கொண்டு போகிறீர்கள் என்று பொருள். பரவும் தூரத்தைக் குறையுங்கள். இந்தச் சோதனையைத் தாவிச் செல்பவர்கள் பின்னால் திரும்பி வந்து இதையே செய்வார்கள்.

ரேடார்

3 கி.மீ. கட்டத்துக்கு ஈடான நெருக்கத்தில் மழையைப் பார்ப்பது ரேடார் மட்டுமே. சென்னைத் துறைமுகத்தில் 2002 முதல் எஸ்-பேண்ட் (சுமார் 10 செ.மீ. அலைநீள) டாப்ளர் ரேடார் இருக்கிறது. பள்ளிக்கரணையில் கடல் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் பின்னர் அலைநீளம் குறைந்த எக்ஸ்-பேண்ட் ரேடார் வந்தது. காரைக்காலிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலும் ரேடார்கள் உண்டு. எக்ஸ்-பேண்ட் அலை கனமழையில் வலுவிழப்பதால், மழைக்குப் பின்னால் இருக்கும் மழையைக் குறைத்துக் காட்டும் என்பதை மறக்க வேண்டாம். பொதுமக்களுக்குக் கிடைக்கும் வண்ணப் படத்தைத் தரவாக மாற்ற முயலாதீர்கள். மாதிரிக்கு வேண்டியது எல்லாச் சாய்வுகளிலும் எடுத்த மூலக் கோப்பு. அதை வானிலைத் துறையிடம் முறைப்படி விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். உங்கள் கல்லூரி வழியாக விண்ணப்பியுங்கள், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

கோப்பு கையில் வந்ததும் நான்கு விஷயங்கள். முதலாவது உயரம். அரை பாகை சாய்வில் போகும் கற்றை 100 கி.மீ. தொலைவில் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை கி.மீ. மேலேயும், 200 கி.மீ. தொலைவில் 4 கி.மீ.க்கு மேலேயும் இருக்கும். வேலூரைக் கடந்தபின் ரேடாருக்குத் தெரிவது மழையின் இடுப்பும் தோளும்தான், பாதம் தெரியாது.

இரண்டாவது, எதிரொலியை மழையாக மாற்றும் சூத்திரம். எதிரொலியின் வலுவை டி.பி.இசட். எனும் அலகில் சொல்வார்கள். 40 டி.பி.இசட். எதிரொலியை மார்ஷல்-பால்மர் சூத்திரத்தில் போட்டால் மணிக்கு சுமார் 11 மி.மீ. மழை வரும், வெப்பமண்டலச் சூத்திரத்தில் போட்டால் 21 மி.மீ.க்கு மேல் வரும். நம் மழையில் சிறிய துளிகள் ஏராளமாக இருப்பதால் பெரும்பாலும் இரண்டாவதே பொருந்துகிறது. அதனால்தான் மழையளவாக மாற்றி ஊட்டுவதைவிட, ரேடாரில் வலுவான எதிரொலி இருக்கும் இடத்தில் மேகத்துக்குள் ஈரப்பதம் நிறைநிலைக்கு அருகில் இருந்தாக வேண்டும் என்று மாதிரிக்குச் சொல்லும் மறைமுக முறையை நான் விரும்புகிறேன். இந்தச் சிந்தனைக்கு நம் ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு: சென்னையில் பிறந்து ஃபுளோரிடாவில் பணியாற்றிய டி.என். கிருஷ்ணமூர்த்தி, 1990களின் தொடக்கத்திலேயே, பெய்த மழைக்கு ஏற்றபடி மாதிரியின் ஈரப்பத அடுக்குகளைத் திருத்தித் தொடங்கும் முறையை வெப்பமண்டல முன்கணிப்பில் நிலைநிறுத்தினார். எதிரொலி இல்லாத இடமும் ஒரு தகவல்தான். மாதிரி வெறும் வானத்தில் மழை பெய்துகொண்டிருந்தால் அதை நிறுத்தச் சொல்ல அந்த வெற்றிடம் வேண்டும்.

மூன்றாவது, காற்றின் வேகம். டாப்ளர் தருவது ரேடாரை நோக்கியோ விலகியோ வரும் வேகத்தை மட்டுமே. கிழக்கிலிருந்து வீசும் காற்றை, கிழக்கே பார்க்கும் கற்றை முழுமையாக அளக்கும். வடக்கே எண்ணூர்ப் பக்கம் பார்க்கும் கற்றைக்கு அதே காற்று சுழியம். அதோடு மடிப்புச் சிக்கலும் உண்டு. 10 செ.மீ. அலைநீளம், நொடிக்கு 600 துடிப்பு என்றால் நேரடியாக அளக்க முடிந்த உச்ச வேகம் நொடிக்கு 15 மீட்டர். 20 மீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வரும் காற்று, 10 மீட்டர் வேகத்தில் விலகிப் போவதாகப் பதிவாகும். மடிப்பைப் பிரிக்காமல் இதை உள்ளே விட்டால், புயல் நாளில் உங்கள் மாதிரி காற்றைக் கடலுக்கே திருப்பி அனுப்பும்.

நான்காவது நெருக்கம். அடுத்தடுத்த ரேடார் புள்ளிகளின் பிழைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஒரே வதந்தியை நூறு பேர் சொன்னால் அது நூறு சாட்சி ஆகாது. சில கி.மீ. அளவுக்குச் சராசரி எடுத்து எண்ணிக்கையைக் குறைத்த பிறகே சேர்க்க வேண்டும். துறைமுகப் பாரந்தூக்கிகள், பரங்கிமலை போன்ற அசையாத எதிரொலிகளை அதற்கு முன்பே நீக்கிவிடுங்கள்.

சுழற்சியும் சரிபார்ப்பும்

இப்போது ஓட்டலாம். நவம்பர் 30, 12 யு.டி.சி.யில் தொடங்கி, ஆறு மணி நேரம் ஓட்டி, 18 யு.டி.சி. அளவீடுகளைச் சேர்த்து, மறுபடி ஆறு மணி நேரம் ஓட்டி, டிசம்பர் 1, 00 யு.டி.சி. பலூனையும் தரை நிலையங்களையும் சேர்த்து, அங்கிருந்து 27 மணி நேரம் முன்கணிப்பு. முதலில் பலூனும் தரையும் மட்டும். அடுத்த ஓட்டத்தில் ரேடார்க் காற்று. அதற்கடுத்து ரேடார் ஈரப்பதம். ஒரு ஓட்டத்தில் ஒன்றுக்கு மேல் மாற்றாதீர்கள். ரேடார் தரும் பயன் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில் கரைந்துவிடும். பலூனும் கடற்காற்று அளவீடுகளும் தரும் பயன் அதைவிட நீடிக்கும். ஆகவே 27ஆம் மணி நேரத்தில் ரேடாரால் மாற்றம் தெரியவில்லை என்று சோர்ந்துபோகத் தேவையில்லை. மூன்றாம் மணி நேரத்தைப் பாருங்கள்.

சரிபார்க்கும் மழைமானிகளை அசிமிலேஷனில் சேர்க்கக் கூடாது. தாம்பரத்தையும் செம்பரம்பாக்கத்தையும் தனியே ஒதுக்கி வையுங்கள். 49 செ.மீ. தாம்பரத்தின் தலைமேல் விழுந்ததா என்று மட்டும் பார்த்தால், அதே மழையைக் கூடுவாஞ்சேரியில் பெய்வித்த நல்ல மாதிரிக்கும் மழையே தராத மாதிரிக்கும் ஒரே தண்டனை கிடைக்கும். சொல்லப்போனால் நல்ல மாதிரிக்கு இரட்டைத் தண்டனை, தாம்பரத்தில் தவறவிட்டதற்கு ஒன்று, கூடுவாஞ்சேரியில் பொய் சொன்னதற்கு ஒன்று. அதனால் 10, 20, 30 கி.மீ. சுற்றளவில் கனமழை விழுந்த பரப்பின் பங்கை ஒப்பிடும் ஃப்ராக்ஷன்ஸ் ஸ்கில் ஸ்கோர் முறையைப் பயன்படுத்துங்கள். கடலுக்கு மேல் மழைமானி கிடையாது, அங்கே செயற்கைக்கோள்களால் மழையை அளக்கும் ஜி.பி.எம். திட்டத்தின் அரை மணி நேர ஐமெர்க் மழைத் தரவோடு ஒப்பிடலாம்.

இந்த நிகழ்வில் எல்லாம் ஓரளவு சரிப்பட்ட பிறகு, அமைப்புக் கோப்பில் ஒரு எழுத்தையும் மாற்றாமல், 2021 டிசம்பர் 30ஆம் தேதிக்கு ஓட்டிப் பாருங்கள். முன்னெச்சரிக்கை இல்லாமல் பிற்பகலில் பிடித்த மழை, இரவுக்குள் நகரத்தை நிறுத்திப்போட்ட நாள் அது. அதன் பிறகு, பள்ளிகளுக்கு விடுமுறை விட்டுவிட்டு வெயில் அடித்த ஒரு நாளையும் நீங்களே தேடி எடுத்து ஓட்டுங்கள். சென்னையில் அப்படிப்பட்ட நாளுக்குப் பஞ்சமில்லை. மூன்று நாட்களின் இன்னவேஷன் பட்டியல்களையும் ஒரே நோட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் எழுதி, 850 முதல் 500 ஹெக்டோபாஸ்கல் வரை ஈரப்பத வரிசையை மட்டும் சிவப்புப் பேனாவால் கோடிட்டுக்கொண்டு, அதன் பிறகு நான்காவது நாளைத் தேர்ந்தெடுங்கள்.